மழையை வாழ்த்தும் நாட்டிலிருந்து ஓர் ஓட்டக்காரர்

2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு நம் குடியிருப்பில் நேரத்தோடு விளக்கணைத்துப் படுத்த வீடு ஒன்றுகூட இருந்திருக்காது. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறியப் போகிறார் என்று ஊரே விழித்திருந்த இரவு அது. எங்கள் வீட்டிலும் மகன், மருமகள், பேத்தி, நான் என நால்வரும் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்திருந்தோம். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து நம் தங்கக் கனவைக் கலைத்ததும், நீரஜ் 89.45 மீட்டருடன் வெள்ளி பெற்றதும் அன்பர்கள் அறிந்ததே. நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல.

நள்ளிரவு பன்னிரண்டு மணி சுமாருக்கு, ஈட்டி எறிதல் நடந்துகொண்டிருந்த அதே மைதானத்தில், ஆண்கள் 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று நடந்தது. நான்கு நாட்களுக்கு முன்தான் 100 மீட்டரில் தங்கம் வென்றிருந்த அமெரிக்காவின் நோவா லைல்ஸ் மீதுதான் எல்லார் கண்ணும். துப்பாக்கி வெடித்தது. வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்தபோது ஒல்லியான ஓர் ஆப்பிரிக்க இளைஞர் முன்னே வந்துவிட்டார். கடைசியில் அவரை யாரும் நெருங்கவே முடியவில்லை. நேரம் 19.46 விநாடி. அமெரிக்காவின் கென்னி பெட்னரெக் 19.62 விநாடியில் இரண்டாவது. கோவிட் தொற்றோடு ஓடிய லைல்ஸ் 19.70 விநாடியில் மூன்றாவது.

வென்றவர் காலணி ஒன்றைக் கழற்றி, காமிராவுக்கு நேரே நீட்டிக் காட்டினார். அதில் ஏதோ எழுதியிருந்தது.

"என்ன தாத்தா எழுதியிருக்கு?" என்றாள் பேத்தி.

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் சொன்னேன். அது அவருடைய அம்மாவின் பிறந்த தேதி. அந்த அம்மாள் அதே ஆண்டு மே மாதம்தான் காலமாகியிருந்தார்.

அந்த இளைஞரின் பெயர் லெட்சிலே டெபோகோ. நாடு போட்ஸ்வானா. அப்போது அவருக்கு வயது 21. 200 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். அவருடைய நாட்டுக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுதான்.

சங்கத்தின் விளையாட்டு விழாக்களில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஸ்டாப் வாட்ச் பிடித்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எழுதச் சொன்னது நம் ஆசிரியர் குழு. எழுத வைத்தது என் வீட்டு விவகாரம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வறண்ட மண், சின்ன நாடு

போட்ஸ்வானா தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே, கடலைக் காணாத நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மக்கள் தொகையோ சுமார் 24 லட்சம்தான். நிலத்தின் பெரும் பகுதி கலஹாரி என்னும் வறண்ட பூமி. 1966 செப்டம்பர் 30ஆம் தேதி ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்தது. மறு ஆண்டே ஓராபா என்ற இடத்தில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டு அதன் நிலை மாறியது.

அந்த நாட்டைப் பற்றிப் படிக்கும்போது என் மனத்தைத் தொட்டது வைரம் அல்ல. 1976ல் அவர்கள் தங்களுக்கென்று சொந்த நாணயம் வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் 'புலா'. அவர்கள் மொழியான செட்ஸ்வானாவில் புலா என்றால் மழை. நாட்டின் சின்னத்தில் பொறித்திருக்கும் ஒரே சொல்லும் அதுதான். கூட்டங்களில் வாழ்த்தொலி எழுப்புவதும் "புலா!" என்றுதான். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக மழையைப் போற்றிய வள்ளுவரைப் படித்து வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும்.

டெபோகோ பிறந்தது கான்யே என்ற ஊரில், 2003 ஜூன் 7ஆம் தேதி. தலைநகர் கபரோனேயிலிருந்து தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். சிறு வயதில் அவருக்குக் கால்பந்துதான் உயிர். பிறகுதான் ஓட்டத்துக்கு வந்தார்.

அவருக்கு முன்னும் அந்த நாட்டில் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். 2011ல் தென்கொரியாவின் டேகுவில் அமான்டில் மோன்ட்ஷோ என்ற பெண்மணி 400 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆனார். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் 18 வயது நைஜல் ஏமோஸ் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். போட்ஸ்வானாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. இருவருமே பிற்காலத்தில் ஊக்க மருந்து விவகாரத்தில் தடைக்கு ஆளானார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். புகழ் வருவதற்கும் போவதற்கும் அந்நாட்டு இளைஞர்கள் முன்னால் எடுத்துக்காட்டுகள் இருந்தன.

இன்னொருவர் ஐசக் மக்வாலா. 2017ல் லண்டனில் நடந்த உலகப் போட்டியின்போது வயிற்று நோய் பரவியதால் அவரை 200 மீட்டர் முதல் சுற்றிலும் 400 மீட்டர் இறுதியிலும் ஓட விடவில்லை. பிறகு 200 மீட்டருக்கு மட்டும் தனியாக ஓடி, குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்டச் சொன்னார்கள். கொட்டும் மழையில், பக்கத்தில் போட்டியாளர் ஒருவருமில்லாமல், கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டு ஓடி ஜெயித்தார். ஓடி முடித்ததும் அங்கேயே குப்புறப் படுத்து தண்டால் எடுத்தார்! பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்த்தவர் மறக்க மாட்டார்கள். டெபோகோவுக்கு அப்போது வயது 14.

விரலை ஆட்டிய பையன்

2021ல் நைரோபியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 100 மீட்டர் தங்கம், 200 மீட்டர் வெள்ளி. டெபோகோவின் பெயர் வெளியே தெரிந்தது இங்கேதான். மறு ஆண்டு ஏப்ரலில் கபரோனேயில் 100 மீட்டரை 9.96 விநாடியில் ஓடி, அந்த வயதினருக்கான உலக சாதனை படைத்தார். ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் அதை 9.94 ஆக்கினார். ஆகஸ்டில் கொலம்பியாவின் காலி நகரில் 9.91.

இந்த 9.91 ஓட்டம் உலகம் முழுவதும் பேசப்பட்டதற்குக் காரணம் நேரம் மட்டுமல்ல. எல்லைக்கு முப்பது மீட்டர் இருக்கும்போதே ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்து, பக்கத்தில் வந்த ஜமைக்கா வீரரைத் திரும்பிப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டே ஓடினார். உசேன் போல்ட் 2008ல் பெய்ஜிங்கில் மார்பைத் தட்டிக்கொண்டு ஓடியது நினைவிருக்கும். அதே பாணி. சிலர் ரசித்தார்கள், சிலர் திமிர் என்றார்கள். போல்ட்டை நினைவுபடுத்தத்தான் அப்படிச் செய்தேன், யார் மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்ற பொருளில் பேசி அவர் முடித்துக்கொண்டார்.

ஆனால் காலம் அதோடு விடவில்லை. அதே காலி நகரில், அதே போட்டியின் 200 மீட்டர் இறுதியில், இஸ்ரேலின் பிளெஸ்ஸிங் அஃப்ரிஃபாவும் டெபோகோவும் ஒன்றாக எல்லையைத் தொட்டார்கள். இருவருக்கும் 19.96. விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு பார்த்துத் தங்கத்தை அஃப்ரிஃபாவுக்குக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு பாடம். 19 வயதில் இது நல்ல படிப்புதான்.

வேகம் என்பது என்ன?

இங்கே ஸ்டாப் வாட்ச் பிடித்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். 19.46 விநாடியில் 200 மீட்டர் என்றால் சராசரி வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர். நம் டவுன்ஷிப் சாலையில் ஸ்கூட்டர் போகும் வேகம்! அதிலும் ஏறக்குறைய முதல் பாதி வளைவில் ஓட வேண்டும். வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். இடது பக்கம் சாய்ந்து, கோட்டை மிதிக்காமல், வேகமும் குறையாமல் வர வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு, ஜெயிப்பவர் கடைசியில் வேகத்தைக் கூட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் அந்தக் கட்டத்தில் எல்லோருக்குமே வேகம் குறைந்துகொண்டுதான் இருக்கும். மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்கிறவரே ஜெயிக்கிறார். டெபோகோவின் பலம் அங்கேதான். 2024 பிப்ரவரியில் பிரிட்டோரியாவில் 300 மீட்டரை 30.69 விநாடியில் ஓடினார். அதுவரை யாரும் அவ்வளவு விரைவாக அந்தத் தூரத்தை ஓடியதில்லை. அதே ஆண்டு 400 மீட்டரை 44.29 விநாடியில் முடித்தார். நூறிலும் நானூறிலும் இப்படி ஓடுகிறவருக்கு இருநூறு என்பது சொந்த வீடு மாதிரி.

2023ல் ஏணியின் மேல்படிகள் வந்தன. ஜூலையில் லண்டனில் 200 மீட்டரை 19.50 விநாடியில் ஓடினார். நமீபியாவின் ஃபிராங்கி ஃபிரெடெரிக்ஸ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் 19.68ல் ஓடியது 27 ஆண்டுகளாக ஆப்பிரிக்க சாதனையாக இருந்தது. அது அன்று வீழ்ந்தது. ஃபிரெடெரிக்ஸை நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1992, 1996 இரண்டு ஒலிம்பிக்ஸிலும் 100, 200 இரண்டிலும் வெள்ளி. நான்கு வெள்ளி, ஒரு தங்கம்கூட இல்லை. அவர் தட்டிய கதவைத்தான் டெபோகோ பின்னால் திறந்தார்.

அந்த ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 100 மீட்டரில் 9.88 விநாடியில் வெள்ளி. உலகப் போட்டியின் ஆண்கள் 100 மீட்டரில் பதக்கம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். 200 மீட்டரில் வெண்கலம்.

அம்மா இல்லாத ஆண்டு

2024 மே மாதம் அம்மா செரடிவா மறைந்தார். 20 வயதுப் பையன். ஒலிம்பிக்ஸுக்கு மூன்று மாதம்கூட இல்லை. பயிற்சியிலிருந்து விலகியிருந்தார். ஓடுவதில் என்ன அர்த்தம் என்று தோன்றியிருக்கும். நமக்குத் தோன்றாதா? நம்மில் எத்தனை பேர் தந்தி கிடைத்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கக் கண்டவர்கள்! திரும்பி வந்து மறுநாள் ஷிஃப்டுக்குப் போனபோது கை கால் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும்.

அவர் திரும்பி வந்தார். பாரிஸில் 100 மீட்டர் இறுதியில் 9.86 விநாடியில் ஓடியும் ஆறாவது இடம்தான். அதுவரை அவர் நாட்டில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை என்றாலும் பதக்கமில்லை. நான்கு நாள் கழித்து 200 மீட்டரில் தங்கம். இரண்டு நாள் கழித்து 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை 43.04 விநாடியில் ஓடினார். அமெரிக்கா 2 நிமிடம் 54.43, போட்ஸ்வானா 2 நிமிடம் 54.53. பத்தில் ஒரு விநாடியில் தங்கம் தவறி வெள்ளி.

200 மீட்டர் தங்கத்துக்காகப் போட்ஸ்வானா ஜனாதிபதி மசிசி மறுநாள் பிற்பகல் நாடு முழுவதற்கும் விடுமுறை அறிவித்தார். செய்தியாளர்கள் டெபோகோவிடம் இனி ஓட்ட உலகின் முகம் நீங்கள்தானா என்று கேட்டார்கள். தான் உரக்கப் பேசும் சுபாவமுள்ளவன் அல்ல, அதனால் அந்த இடம் தனக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார். காலியில் விரலை ஆட்டிய அதே பையன்தான். அந்த ஆண்டின் சிறந்த தடகள வீரராக உலகத் தடகள அமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது.

டோக்கியோவில் மழை

இத்தோடு நிறுத்தினால் கதை சுபம். ஆனால் 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

100 மீட்டர் இறுதி. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே டெபோகோ கிளம்பிவிட்டார். இப்போதைய விதிப்படி இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஒலிம்பிக் சாம்பியன் தலையைக் குனிந்தபடி வெளியேறினார். சில நாள் கழித்து 200 மீட்டர் இறுதி. மூன்றாவதாக வந்த ஜமைக்காவின் பிரையன் லெவல் 19.64. டெபோகோ 19.65. நான்காவது இடம்.

விநாடியில் நூறில் ஒரு பங்கு! அந்த வேகத்தில் அது ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர், அரைச் சாண். 1984 லாஸ் ஏஞ்சலீஸில் நம் பி.டி.உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் 55.42 விநாடியில் நான்காவதாக வந்ததும், மூன்றாவது வந்தவர் 55.41 என்பதும் இந்த நாட்டில் யாருக்கும் மறக்காது. அந்தச் செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு எங்கள் பிளாண்ட் கேன்டீனில் அன்று எவரும் பேசவில்லை.

ஆனால் டெபோகோ ஊருக்கு மூட்டை கட்டவில்லை. கடைசி நாள், செப்டம்பர் 21, தொடர் ஓட்டம். டோக்கியோவில் கொட்டுகொட்டென்று மழை. போட்ஸ்வானாவின் நால்வர்: எப்பி, டெபோகோ, டோரி, கெபினட்ஷிபி. டெபோகோ இரண்டாவது ஆளாக ஓடினார். கடைசி ஆளான கெபினட்ஷிபி, அதே போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்றவர், எல்லைக்கு அருகில் அமெரிக்கரையும் தென்னாப்பிரிக்கரையும் தாண்டினார். 2 நிமிடம் 57.76 விநாடி. அந்த ஓட்டத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க நாடு போட்ஸ்வானா. இம்முறை ஜனாதிபதி டூமா போகோ செப்டம்பர் 29ஆம் தேதியை விடுமுறை நாளாக அறிவித்தார். மறுநாள் சுதந்திர தினம்.

மழையைப் பணமாகவும் வாழ்த்தாகவும் வைத்திருக்கிற நாட்டுக்கு மழையிலேயே அந்தத் தங்கம் கிடைத்தது.

வீட்டு விவகாரம்

இனி நான் வாக்குக் கொடுத்த விஷயம். என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். பாரிஸ் ஓட்டத்துக்குப் பிறகு தன் காலணியின் உட்புறத்தில் பேனாவால் ஏதோ எழுதி வைத்துக்கொண்டாள். என்னவென்று நான் கேட்கவில்லை. சென்ற ஆண்டு மாவட்டப் போட்டியில் நான்காவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்கு முதல் மூவர்தான். அன்று மாலை காலணியைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டாள்.

என் மகன், "போகட்டும், பத்தாம் வகுப்பு வருது. ஓட்டம் சோறு போடுமா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது என் வசனம். 1993ல், சங்க விளையாட்டு விழாவில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் முதலாவதாக வந்து இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வீட்டுக்கு வந்த இதே மகனிடம், மறுநாள் காலை நான் சொன்ன அதே வார்த்தைகள். அவன் அதன்பின் ஓடவில்லை. நன்றாகப் படித்தான், நல்ல வேலையில் இருக்கிறான். நான் சொன்னது தவறு என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த டம்ளர்கள் இரண்டும் இன்னும் சமையலறையில் இருக்கின்றன. காப்பி குடிக்கும்போதெல்லாம் கைக்கு வருகின்றன.

மருமகள்தான் எனக்கு உதவினாள். "மாமா, ஓடறதால அவ ராத்திரி நல்லாத் தூங்கறா, காலைல தானா எழுந்திருக்கறா. படிப்பும் குறையல. விட்டுடுங்கன்னு உங்க பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். 1993ல் நான் பேசியது எனக்கு நினைவிருக்கிறது என்றும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் நினைவிருக்கு அப்பா" என்றான். அவ்வளவுதான்.

டோக்கியோவில் டெபோகோ நான்காவதாக வந்த மறுநாள் பேத்தியிடம் அந்த 19.64, 19.65 கணக்கைச் சொன்னேன். "ஒலிம்பிக் சாம்பியன்கூட நாலாவதா?" என்றாள். மூன்று நாள் கழித்து தொடர் ஓட்டச் செய்தி வந்தது. பரணிலிருந்து காலணியை எடுத்தது அவளா, அவள் அப்பாவா என்று எனக்குத் தெரியாது. காலையில் அது வாசலில் இருந்தது. காலுக்குச் சின்னதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியிருந்தது. அவன்தான் கடைக்குக் கூட்டிப் போனான்.

அவள் மாநில வீராங்கனை ஆவாளா என்று கேட்காதீர்கள். நம் நாட்டில் 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தும், 2025ல் அனிமேஷ் குஜுர் என்ற இளைஞர் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடி தேசிய சாதனை படைத்தபோதும் பத்து விநாடி எல்லை தள்ளித்தான் நின்றது. 24 லட்சம் பேர் உள்ள நாட்டில் அந்த எல்லையைத் தாண்டிய பையன் கிடைத்தான் என்றால், யாரோ ஒருவர் அவனை ஓட விட்டிருக்கிறார் என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. அவன் காலணியில் எழுதியிருந்த தேதி அதைத்தான் சொன்னது.

சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் பொங்கல் விளையாட்டு விழாவில் சில ஆண்டுகளாக இசை நாற்காலியும் எலுமிச்சம்பழ ஓட்டமும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. வரும் பொங்கலுக்கு 200 மீட்டர் ஓட்டத்தையும், பிள்ளைகளுக்கு நால்வர் தொடர் ஓட்டத்தையும் திரும்பச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு போடும் வேலையை என் மகன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். ஸ்டாப் வாட்சுக்குப் புது பாட்டரி போட்டுவிட்டேன். பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோர்கள் டிசம்பர் மாதத்துக்குள் செயலாளரிடம் கொடுக்கவும். நான்காவதாக வரும் பிள்ளைக்கும் ஒரு டம்ளர் உண்டு. அது என் செலவு.